தட்சிணசித்ராவுக்குக் குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிற குடும்பங்கள் பலவும் முட்டுக்காடு அருகே தட்சிணசித்ரா பலகையைப் பார்த்துவிட்டு, "திரும்பி வரும்போது பார்க்கலாம்" என்று கடந்துவிடுகின்றன. திரும்பும்போது இருட்டியிருக்கும், பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். இந்த இடத்தை இன்னொரு பயணத்தின் ஓரத்தில் ஒட்டவைக்கக் கூடாது. அதற்கென்றே ஒரு நாளை ஒதுக்குங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் அந்த ஒன்றை மறக்க வேண்டாம். ஏன் என்று போகப்போகப் புரியும்.

முதலில், இது என்ன இடம்?

கண்ணாடிப் பெட்டிக்குள் பொருள்களை வைத்து, கீழே சீட்டு ஒட்டியிருக்கும் அருங்காட்சியகம் அல்ல இது. சுமார் 10 ஏக்கர் நிலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா ஆகிய பகுதிகளின் பழைய வீடுகள் 18 நிற்கின்றன. பல வீடுகள் நிஜமாகவே ஏதோ ஒரு ஊரில் மனிதர்கள் வாழ்ந்தவை. இடிக்கப்பட இருந்தவற்றை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, உத்தரம் உத்தரமாகக் கழற்றி, லாரியில் ஏற்றி வந்து, அந்தந்தப் பகுதித் தச்சர்களையும் கொத்தர்களையும் வைத்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள்.

இதை நடத்துவது 1984-இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன். அதைத் தொடங்கியவர் டெபோரா தியாகராஜன். அமெரிக்காவில் பிறந்து, திருமணமாகிச் சென்னைக்கு வந்தவர். செட்டிநாட்டுப் பக்கம் பெரிய பெரிய வீடுகள் உடைபட்டு, கதவும் தூணும் தனித்தனியாக விலைக்குப் போவதைப் பார்த்த வேதனைதான் இந்த முயற்சிக்கு வித்து. வளாகத்தை வடிவமைத்தவர் கேரளத்தில் செங்கல் வீடுகளால் பெயர்பெற்ற லாரி பேக்கர். அவரோடு பணியாற்றிய கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ். 1996 டிசம்பர் 14 அன்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். உலகத்தில் இந்த வகைக்கு முன்னோடி சுவீடனின் ஸ்டாக்ஹோமில் 1891-இல் திறந்த ஸ்கான்சென். நாடு முழுவதிலும் இருந்து வீடுகளைப் பெயர்த்து வந்து வைத்த இடம் அது. நமக்கு அப்படி ஒன்று சென்னையில் இருந்து ஒரு மணி நேரத்தில் இருக்கிறது.

எந்த நாள், எந்த நேரம்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதைத் தெரியாமல் வந்து வாசலில் திரும்புகிற குடும்பங்கள் எப்போதும் உண்டு. மற்ற நாள்களில் காலை 10 மணிக்குத் திறப்பார்கள். கட்டணமும் மூடும் நேரமும் அவ்வப்போது மாறும். கிளம்பும் முன் அவர்களுடைய இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாணவர்களுக்குச் சலுகை உண்டு, அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பத்து மணிக்கே வாசலில் நின்றுவிடுவது நல்லது. நடப்பது பெரும்பாலும் திறந்தவெளியில். கடல் பக்கத்தில் இருந்தாலும் பதினொன்றரைக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். காலையில் வெளிநடை, உச்சி வெயிலில் வீடுகளுக்குள், சாப்பாட்டுக்குப் பிறகு நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலைகள் என்று வைத்துக்கொண்டால் யாரும் சோர்ந்துபோக மாட்டார்கள்.

மாதம் என்று கேட்டால், டிசம்பர் பிற்பாதியில் இருந்து பிப்ரவரி முடியச் சிறப்பு. பொங்கலை ஒட்டி வளாகமே களைகட்டும், ஆனால் கூட்டமும் இருக்கும். நவராத்திரியில் கொலு வைப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சின்னக் குழந்தைகளோடு போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மாதம் மட்டும் எனக்குத் தனிப் பிரியம்: வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர். பலத்த மழை எச்சரிக்கை இருக்கும் நாள்கள் வேண்டாம். விட்டு விட்டுத் தூறும் ஒரு நாள் வாய்த்தால் விடாதீர்கள். ஓட்டுக்கூரையில் விழுந்த தண்ணீர் முற்றத்துக்குள் இறங்கி, மூலையில் இருக்கும் துளைவழியே வெளியேறுவதை அப்போதுதான் கண்ணால் பார்க்கலாம். வீட்டைக் கட்டியவர் மனத்தில் என்ன கணக்குப் போட்டார் என்பதை எந்தப் பலகையும் அவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

வார நாள்களில் பள்ளிக் கூட்டங்கள் வரும். அவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுங்கள். கால் மணி நேரத்தில் அவர்கள் போய்விடுவார்கள், வீடு முழுக்க உங்களுக்குத்தான்.

போய்ச் சேர்வது

காரில் போனால் திருவான்மியூர் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகத் தெற்கே போக வேண்டும். எம்ஜிஎம் பொழுதுபோக்குப் பூங்கா கண்ணில் பட்டால் வந்துவிட்டீர்கள் என்று பொருள். முட்டுக்காடு படகுத்துறை வந்துவிட்டால் தாண்டிவிட்டீர்கள். பேருந்தில் போகிறவர்கள் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போகும் பேருந்தில் ஏறி, ஏறும்போதே நடத்துநரிடம் "தட்சிணசித்ரா கிட்ட நிறுத்துவீங்களா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய மகாபலிபுரம் சாலை வழியாகப் போகும் பேருந்தில் ஏறிவிட்டால் இங்கே வந்து சேராது. ஊர்ப் பெயர் ஒன்றாக இருப்பதால் புதியவர்கள் குழம்பும் இடம் இது. சாலையைக் கடக்கும்போது பிள்ளைகளின் கையை விடாதீர்கள், வண்டிகள் அங்கே பறக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர், தொப்பி, கொசுவுக்குப் பூசும் களிம்பு. எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய செருப்பு. ஒரு சின்னத் துண்டு, ஏனென்றால் பிள்ளைகள் களிமண்ணில் கை வைப்பார்கள். கையில் சில்லறைப் பணம், ஏனென்றால் உள்ளே சில கைவேலைகளுக்குத் தனிக் கட்டணம். ஒரு நோட்டும் பென்சிலும். குழந்தையைத் தள்ளிப்போகும் வண்டி வேண்டாம். மண் பாதையும் உயர்ந்த வாசற்படிகளும் அதற்கு ஒத்துவராது, தூளியோ இடுப்போதான் சரி.

முந்தைய இரவு ஒரு சின்ன வேலை

பிள்ளைகளிடம் "நாளைக்கு மியூசியம் போறோம்" என்று மட்டும் சொன்னால் காலையிலேயே முகம் தொங்கிவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கொடுங்கள்: "இந்த வீட்டு மேல மழை பெஞ்சா தண்ணி எங்க போகும்?" ஒவ்வொரு வீட்டிலும் இதற்கு விடை கண்டுபிடிக்க வேண்டும், நோட்டில் படமாக வரைய வேண்டும். அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளையும் இதைச் செய்யும், பதினைந்து வயதும் செய்யும். கூரை ஏன் இப்படிச் சாய்கிறது, முற்றம் ஏன் பள்ளம், திண்ணை ஏன் மேடு, சுவர் ஏன் உள்ளே தள்ளி இருக்கிறது என்று எல்லாம் இந்த ஒரு கேள்வியில் இருந்தே பிரிந்து வரும்.

பெரியவர்களிடம் வேறு ஒன்று கேட்டு வையுங்கள். அவர்கள் பிறந்த வீட்டுக்கு எத்தனை கட்டு, கிணறு எங்கே இருந்தது, யார் எங்கே படுத்துக்கொள்வார்கள் என்று. இரவில் கேட்டு வைத்தால் காலையில் அந்த நினைவோடு வருவார்கள்.

உள்ளே போனதும்: எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள்

நுழைவாயிலில் வளாக வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாநில வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். 18 வீடுகளையும் ஒரே நாளில் முடிக்கலாம், முடிப்பவர்களும் உண்டு. ஆனால் ஏழாவது வீட்டுக்கு மேல் எல்லாத் தூணும் ஒரே தூணாகத் தெரியும். முதல்முறைக்கு ஐந்து அல்லது ஆறு வீடு போதும் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொன்றிலும் உட்காருங்கள். திண்ணை உட்காருவதற்காகத்தான் கட்டப்பட்டது. எதைத் தொடக்கூடாது என்று எழுதியிருக்கிறதோ அதைத் தொடாமல் இருந்தால் போதும்.

எதில் தொடங்குவது? தமிழ்நாட்டுப் பகுதியில், செட்டிநாட்டு வணிகர் வீட்டில்.

செட்டிநாட்டு வீடு

வாசலில் நின்று நேராக உள்ளே பாருங்கள். கதவு, அதன் பின் முற்றம், அதன் பின் இன்னொரு கதவு என்று பார்வை ஒரே கோட்டில் ஓடும். ஊரில் இருக்கும் பெரிய செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் வாசல் வைத்து, அடுத்த தெருவில் கொல்லை வைத்தவை. முன்கட்டில் ஆண்கள் உட்கார்ந்து கணக்கு வழக்குப் பார்த்தார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்தவர்கள். தேக்கு பர்மாவில் இருந்து வந்தது. சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் உச்சி வெயிலிலும் குளிர்ந்திருப்பது அதனால்தான்.

அடுத்தது வளவு. முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் திருமணமானதும் அறை ஒதுக்கப்படும். சில காலம் கழித்து அந்தத் தம்பதிக்குத் தனியாக அடுப்பு மூட்டிக் கொடுப்பார்கள், அதற்கு வேறு வைத்தல் என்று பெயர். வீடு ஒன்று, முற்றம் ஒன்று, சாமி ஒன்று, செலவும் சமையலும் தனித்தனி. கூட்டுக் குடும்பம் என்றால் எல்லோரும் ஒரே பானையில் சாப்பிட்டார்கள் என்று நினைக்கும் இளம் தம்பதிகள் இந்த அறைகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்று பேசுவதைப் பார்த்திருக்கிறேன். பேச வேண்டிய விஷயம்தான்.

இப்போது மழைக் கேள்வி. நான்கு பக்க ஓட்டுக்கூரைகளும் முற்றத்தை நோக்கிச் சாய்கின்றன. பெய்கிற மழையில் பெரும்பங்கு வீட்டுக்குள்ளேயே இறங்குகிறது. காரைக்குடிப் பக்கம் நீர்வளம் குறைந்த பூமி. முதல் மழையில் கூரை கழுவட்டும் என்று விட்டுவிட்டு, அடுத்து வருவதை அண்டாவிலும் குடத்திலும் பிடித்து வைத்துக்கொள்வார்கள். பிள்ளைகளின் நோட்டில் முதல் படம் இதுவாக இருக்கட்டும். அம்புக்குறிகள் எல்லாம் உள்நோக்கி வரும்.

அக்ரஹாரமும் உழவர் வீடும்

அக்ரஹார வீடு, பக்கத்து வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்பது. அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையற்கட்டு, கொல்லை என்று ரயில்பெட்டி போல ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பக்கவாட்டில் ஜன்னல் வைக்க வழி இல்லாததால் வெளிச்சமும் காற்றும் முற்றத்தில் இருந்துதான். கூடத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, வெளிச்சம் எதுவரை வருகிறது என்று பிள்ளைகளைத் தரையில் காட்டச் சொல்லுங்கள்.

தஞ்சைப் பகுதி உழவர் வீட்டுக்கு வந்ததும் பேச்சைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி அவர்களை முந்த வேண்டாம். என் மாமியார் மண் அடுப்பைப் பார்த்ததும் குனிந்து, பெரிய வாய்க்குப் பக்கத்தில் இருந்த சின்ன வாயைக் காட்டினார். "இது கொடி அடுப்பு. இதுக்குன்னு தனியா விறகு வைக்க மாட்டோம். அந்தப் பக்கம் சோறு கொதிக்கும், மிச்ச அனல் இங்க வரும். ரசமும் பாலும் இதுலதான்" என்றார். என் மகள் அடுப்புக்குள் தலையை நுழைக்காத குறையாக எட்டிப் பார்த்து, உள்ளே இரண்டுக்கும் நடுவில் இருக்கும் துளையைக் கண்டுபிடித்தாள். அந்த வீட்டில் நாங்கள் முக்கால் மணி நேரம் இருந்தோம்.

குதிர், உரல், உலக்கை, அம்மி, மத்து, உறி என்று பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். உலக்கையை இரண்டு பேர் மாற்றி மாற்றிக் குத்துவது எப்படி, கை மாறும்போது மூச்சை எங்கே விட வேண்டும் என்றெல்லாம் பாட்டிகள் நடித்தே காட்டிவிடுவார்கள். படியோ மரக்காலோ கண்ணில் பட்டால் பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் போடலாம்: 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 படி, 8 படி 1 மரக்கால், 12 மரக்கால் 1 கலம். அப்படியானால் ஒரு கலம் நெல்லுக்கு எத்தனை ஆழாக்கு? விடை 768. விரலால் மண்ணில் எழுதிக் கணக்குப் போட்ட பிள்ளை அதை மறக்காது.

தறி

காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள். தறி தரைமட்டத்தில் இருக்கும். நெய்பவர் குழியில் காலை இறக்கி, கீழே இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துவார். மேலே நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள் இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியில் நூலைச் சுமந்துகொண்டு நாடா என்ற கட்டை ஓடும், குறுக்கு நூலான ஊடை விழும், பலகை வந்து ஒரு தட்டு தட்டும். இந்த மூன்றும் சேர்ந்து ஒரு தாளமாகக் கேட்கும்.

பட்டுப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கிறதே, அதைக் கோர்வை என்பார்கள். கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. இரண்டு பக்கக் கரையும் சேர்ந்து மூன்று நாடா. ஒருவரே மூன்றையும் எறிய முடியாததால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். உடலும் கரையும் சேரும் கோட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், சின்னச் சின்னப் பல் போல ஒன்றுக்குள் ஒன்று பின்னியிருக்கும். அந்தப் பல்வரிசையைப் பார்த்து அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் அடுத்த முறை ஜவுளிக்கடையில் உங்களுக்கே பயன்படும்.

மற்ற மாநிலப் பகுதிகளுக்குப் போகும்போது இந்தத் தறியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகப் பகுதியில் இல்கல் நெசவாளர் வீடு இருக்கிறது. இல்கல் புடவையில் உடலுக்கு ஒரு பாவு, முந்தானைக்கு இன்னொரு பாவு. இரண்டையும் கண்ணி கண்ணியாகக் கோத்து இணைப்பார்கள். தெலங்கானா நெசவாளர் வீட்டில் இக்கத். அங்கே துணியில் வேலையே இல்லை, எல்லாம் நூலில். நூலைக் கணக்குப் பார்த்து இடைவெளி விட்டுக் கட்டி, சாயத்தில் தோய்த்து, பிரித்து, மறுபடி கட்டி, இன்னொரு சாயம் ஏற்றி, அதன்பிறகுதான் தறியில் பூட்டுவார்கள். நெய்யும்போது பூ தானாக எழும். அதன் ஓரம் மட்டும் கொஞ்சம் கலைந்த மாதிரி இருக்கும். அது பிழை அல்ல, இக்கத் என்பதற்கு அதுவே அடையாளம். புடவையில் ஆர்வம் உள்ள குடும்பம் என்றால் இந்த மூன்று நெசவாளர் வீடுகளை மட்டும் ஒரு பாதையாக வைத்து ஒரு நாளையே கழிக்கலாம்.

குயவர் சக்கரம்

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த இடம் இது. வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அவசரப்படுத்தாதீர்கள், நிற்கும் நேரத்தில் குயவரின் கையைக் கவனிக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் நடுவில் இறங்கிக் குழி பறிக்கும். மற்ற விரல்கள் வெளியே இருந்து அணைத்துப் பிடிக்கும். கையை மேலே கொண்டுபோகும் வேகத்தில்தான் சுவர் எழுகிறது. வேகம் கூடினால் கோணும், குறைந்தால் தடிக்கும். முடிந்ததும் ஒரு நூலை அடியில் கொடுத்து இழுப்பார், பாத்திரம் பிரிந்து கைக்கு வந்துவிடும்.

நம் ஊர்ப் பெரிய பானை சக்கரத்தில் முழுதாக முடிவதில்லை என்பதையும் சொல்லிக் கொடுங்கள். வாயும் தோளும் சக்கரத்தில் அமையும். வயிறும் அடியும் தடிமனாகவோ திறந்தோ இருக்கும். அரைகுறையாகக் காய்ந்தபின் உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடி, உருட்டி எடுப்பார்கள். சோற்றுப் பானையின் அடி உருண்டையாக இருப்பது இப்படித்தான் வருகிறது.

பக்கத்தில் ஐயனார் கோயிலுக்கும் போய் வாருங்கள். மண் குதிரைகளைச் செய்வதும் இதே கைகள்தான். உமி கலந்த களிமண்ணில் கால்களை உள்ளீடற்ற குழாய்களாக முதலில் எழுப்பி, காய விட்டு, அதன்மேல் உடலைக் கட்டுவார்கள். திடமாகச் செய்தால் சூளையில் வெடித்துவிடும்.

குழந்தை தானாகச் செய்த அகலையோ கிண்ணத்தையோ வீட்டுக்கு எடுத்துவந்தால் நினைவிருக்கட்டும், அது சுடாத மண். தண்ணீர் ஊற்றினால் கரைந்துவிடும்.

சாப்பாடு, ஓய்வு

வளாகத்துக்குள் உணவகம் இருக்கிறது. ஒரு மணிக்குப் போனால் கூட்டம், பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் திண்ணையிலோ மரத்தடியிலோ சும்மா உட்காருங்கள். அப்போதுதான் பொம்மலாட்டம், நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி என்று அன்றைக்கு என்ன நடக்கிறது என்பதை அறிவிப்புப் பலகையில் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடி ஊதிப் பொம்மை செய்பவர், பனையோலை பின்னுபவர், கிளி ஜோசியக்காரர் என்று சிலர் இருப்பார்கள். யார் இருப்பார்கள் என்பது நாளைப் பொறுத்தது. சனி ஞாயிறுகளில் ஆள் அதிகம்.

கேரளமும் ஆந்திரக் கடற்கரையும்

சாப்பாட்டுக்குப் பிறகு கேரளப் பகுதி. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டருக்கும் குறைவாகப் பெய்கிற மழை, கேரளத்தில் சுமார் 3000. வீட்டைப் பார்த்தாலே அது தெரியும். கூரை செங்குத்தாகச் சரிந்து, சுவரைத் தாண்டி வெகுதூரம் வெளியே இறங்கி வரும். சுவரில் சாரல் படவே கூடாது என்ற பிடிவாதம். பல இடங்களில் சுவரே மரம். கோட்டயம் அருகே புதுப்பள்ளியில் இருந்து வந்த சிரியன் கிறித்தவர் வீட்டில், நெல் வைக்கும் மர அறை வீட்டுக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். பலகைகளின் இழைப்பைப் பாருங்கள், ஒரு நெல்மணி நழுவ இடம் இருக்காது. பிள்ளைகளின் நோட்டில் இங்கே அம்புக்குறிகள் வெளிநோக்கிப் போகும். செட்டிநாட்டுப் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஆந்திரக் கடற்கரையின் வட்ட வீடு. சுட்டில்லு என்பார்கள். மண் சுவர், வட்டமான அறை, பனையோலைக் கூரை ஏறக்குறையத் தரையைத் தொடும் அளவு தாழ்ந்து வரும், குனிந்துதான் நுழைய வேண்டும். விசாகப்பட்டினம் பக்கம் வங்கக் கடலின் புயல்கள் அடிக்கடி கரையேறும். மூலை இல்லாத வீட்டில் காற்று முட்டி நிற்க இடமில்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். நம் கடலோரத்திலும் புயல் பார்த்தவர்கள் இந்த வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். விலை உயர்ந்த மரமும் இல்லை, பளிங்கும் இல்லை, கைக்குக் கிடைத்த மண்ணையும் ஓலையையும் வைத்து இதைக் கட்டியவர்களின் அறிவு செட்டிநாட்டு மாளிகையைக் கட்டியவர்களின் அறிவுக்கு ஒரு மாற்றும் குறைந்ததில்லை. எனக்கு இந்த வளாகத்திலேயே மிகவும் பிடித்த வீடு இதுதான்.

முழங்கால் வலி உள்ளவர்களோடு போகும்போது

வாசற்படிகள் உயரம், நிலைகள் தாழ்வு. "தலை, தலை" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மாடிப்படிகள் செங்குத்தானவை, அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். பெரியவர்களை இரண்டு வீட்டுக்கு ஒருமுறை உட்காரவைத்து, பிள்ளைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பி, "பார்த்துட்டு வந்து பாட்டிகிட்ட சொல்லு" என்று சொல்லலாம். பிள்ளை பார்த்ததைச் சொல்லும், பாட்டி அதைத் திருத்துவார். சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

வாங்குவதும் பேரம் பேசுவதும்

வளாகத்தில் கைவினைக் கடைகள் இருக்கின்றன. செய்பவரே விற்கும் இடத்தில் பேரம் பேசாதீர்கள் என்பது என் வேண்டுகோள். ஒரு கூடைக்கு எத்தனை ஓலை, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், சொல்வார்கள். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். வேலை செய்கிற கையை மட்டும் எடுக்கிறேன் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

அதே நாளில் வேறு எங்கே?

முட்டுக்காடு படகு, வடநெம்மேலியில் இருக்கும் முதலைப் பண்ணை, மாமல்லபுரம் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். ஆறு மணிக்கு முன் தெம்பு மிச்சமிருந்தால் கோவளம் கடற்கரை போதும். திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்நின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. அதை இன்னொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் அவசரமாகப் பார்க்கும் இடமில்லை.

வீட்டுக்கு வந்தபின்

அந்த வாரத்துக்குள், தாத்தா பாட்டி வளர்ந்த வீட்டின் வரைபடத்தைப் பிள்ளைகள் வரையட்டும். தாத்தா சொல்லச் சொல்லப் பிள்ளை கோடு போட வேண்டும். கிணறு, மாட்டுக்கொட்டில், நெல் வைத்த இடம், பிரசவம் நடந்த அறை, மழைத் தண்ணீர் வெளியேறிய வழி எல்லாம் அதில் வரட்டும். பேச்சைத் தொலைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊரில் அந்த வீடு இன்னும் நின்றுகொண்டிருந்தால், விற்கும் முன்னோ இடிக்கும் முன்னோ ஒருமுறை போய் ஒவ்வொரு அறையையும் அளந்து, கதவு, நிலை, தூண், அடுப்பு என்று படம் எடுத்து, பின்பக்கம் தேதியும் ஊரும் எழுதி வையுங்கள். அளவுநாடா ஒன்றும் ஒரு முழு நாளும் இருந்தால் போதும். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாவது முறை தட்சிணசித்ராவுக்குப் போகும்போது கர்நாடகப் பகுதியில் தொடங்குங்கள். முதல்முறை களைத்துப்போய் விட்டுவைத்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.